செய்தது யார்? அமெரிக்காவில் உரிமைப் பிரச்சினை வந்தால் எங்கிருந்து தொடங்குவது

பொங்கல் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை, எங்கள் வகுப்புக்கு வரும் மாமி ஒருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் குடியிருக்கும் காண்டோவின் (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு) உரிமையாளர் சங்கம் அனுப்பியது. வாசற்கதவில் கட்டியிருக்கும் அலங்காரப் பொருளைப் பத்து நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 25 டாலர் அபராதம். அலங்காரப் பொருள் என்று அவர்கள் சொன்னது பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை. "இது முதல் திருத்தத்துக்கு விரோதம்னு பையன் சொல்றான். அப்படியா தம்பி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அமெரிக்க அரசியலமைப்பில் பேச்சுரிமை, மத உரிமை பற்றிப் பேசும் முதல் திருத்தம் அந்தக் கடிதத்தை ஏறெடுத்தும் பார்க்காது. மாமிக்கு முகம் வாடிவிட்டது. வேறொரு சட்டம் பார்க்கும். அது எது, அதை எப்படித் தேடிப் பிடிப்பது என்றுதான் அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதையே கொஞ்சம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. மென்பொருள் சோதிப்பது என் பிழைப்பு. நியூ ஜெர்ஸியில் எடிசன் பக்கம் ஒரு நூலகத்தின் பின்னறையில், குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் பாடம் எடுக்கிறேன். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கேள்விகள் 128 ஆகிவிட்டன. அதிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்தால் பாஸ் பண்ணிவிடலாம். ஆனால் வகுப்பு முடிந்ததும் வரும் கேள்விகள் அந்த 128-இல் இருக்காது. கடைக்காரர் இப்படிச் சொன்னார், மேனேஜர் அப்படி எழுதினார், பள்ளிக்கூடத்தில் பேத்தியை இன்னது செய்யச் சொல்கிறார்கள், இதெல்லாம் சட்டப்படி சரியா? எல்லாவற்றுக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செய்தது யார்?

பென்சிலோடு படியுங்கள்

முதலில் அரசியலமைப்புச் சட்டத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். பயப்பட வேண்டாம். 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் 39 பேர் கையெழுத்திட்ட மூலப் பிரதி ஏறக்குறைய 4,500 வார்த்தைதான். ஏழு பிரிவுகள், அப்புறம் சேர்த்த திருத்தங்கள் 27. சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகமாகவே கிடைக்கிறது. இந்தியாவின் அரசியலமைப்போடு பழகியவர்களுக்கு இது துண்டுச் சீட்டு மாதிரி தெரியும்.

ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். செனட்டர் வயது 30, அதிபர் வயது 35 என்று போய்க்கொண்டிருக்கும். என் வகுப்பில் நான் சொல்லும் வரிசை இது: முதல் பிரிவின் எட்டாம் பகுதி (காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், எதையெல்லாம் செய்யலாம் என்ற பட்டியல்), உடனே ஒன்பதாம் பகுதி (எதையெல்லாம் செய்யக் கூடாது), அங்கிருந்து ஒரே தாவாக முதல் பத்துத் திருத்தங்கள், பிறகு 13, 14, 15. மற்றதை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தேடி அடிக்கோடு போடுங்கள். பள்ளியில் இலக்கண வகுப்பில் செய்த வேலைதான். முதல் திருத்தம் எப்படித் தொடங்குகிறது? மதத்தை நிறுவியோ, பேச்சைத் தடுத்தோ காங்கிரஸ் சட்டம் இயற்றாது என்று. எழுவாய் காங்கிரஸ். உங்கள் முதலாளி இல்லை, வீட்டுக்காரர் இல்லை, முகநூல் இல்லை. பதிவை நீக்கிவிட்டார்கள், என் பேச்சுரிமை போச்சு என்று வாட்ஸ்அப்பில் கொதிக்கிறவர்கள் இந்த ஒரு எழுவாயைப் பார்த்திருந்தால் பாதிக் கொதிப்பு அடங்கியிருக்கும்.

பால்டிமோரில் ஜான் பாரன் என்பவர் இந்த இலக்கணத்தை நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார். அவருக்கு ஒரு படகுத்துறை இருந்தது. நகராட்சி தெருவேலை செய்து ஓடைகளைத் திருப்பிவிட, மணல் வந்து குவிந்து துறையின் ஆழம் போய்விட்டது, கப்பல் வர முடியவில்லை. ஐந்தாம் திருத்தப்படி, சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டுமே என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1833-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்ன பதில்: அந்தத் திருத்தங்கள் கூட்டரசை (வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசை) மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலத்தையோ அதன் கீழ் இருக்கும் நகரத்தையோ கட்டுப்படுத்தாது. பாரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க உள்நாட்டுப் போர் ஒன்று வேண்டியிருந்தது. 1868-இல் வந்த 14-ஆம் திருத்தத்தைப் படியுங்கள். இரண்டாவது வாக்கியத்தின் எழுவாய் மாறிவிட்டதைப் பார்ப்பீர்கள்: எந்த மாநிலமும் இதைச் செய்யக் கூடாது, அதைச் செய்யக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றம் இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பழைய பத்துத் திருத்தங்களில் உள்ள பெரும்பாலான உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்கள் மீதும் ஏற்றியது. உதாரணமாக, வக்கீல் வைக்கப் பணமில்லாத கைதி கிளாரன்ஸ் கிடியன், புளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு. அதன் பேரில் 1963-இல், கடும் குற்ற வழக்கில் ஏழைக்கு மாநிலம் வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

14-ஆம் திருத்தத்தில் இன்னொரு வார்த்தைக்கும் கோடு போடுங்கள். குடிமக்களின் சலுகைகளைப் பறிக்கக் கூடாது என்று ஆரம்பிக்கும் வாக்கியம், உயிர், உடைமை, சம பாதுகாப்பு என்று வரும் இடத்தில் "எந்த நபருக்கும்" என்று மாறும். குடிமகன், நபர், இரண்டும் ஒன்றில்லை. பச்சை அட்டை வைத்திருக்கிறவர், ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறவர் எல்லோரும் நபர்தான்.

இது சும்மா வார்த்தை விளையாட்டு இல்லை என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ சலவைக்கடை வழக்கு சாட்சி. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று 1880-இல் நகரம் விதி போட்டது. விதியில் சீனர் என்ற சொல்லே கிடையாது. தீ விபத்தைத் தடுக்கத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அனுமதி கேட்ட சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை; சீனர் அல்லாத 80 பேர் பக்கம் ஒரே ஒருவருக்குத்தான் மறுப்பு. 22 வருஷமாக அதே கட்டடத்தில் துணி வெளுத்த ஒருவரைச் சிறையில் போட்டார்கள். 1886-இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: விதி பார்ப்பதற்கு நடுநிலையாக இருந்தாலும், அதைக் கெட்ட கண்ணோடும் சமமில்லாத கையோடும் நடத்தினால் சம பாதுகாப்பு மீறப்படுகிறது, அந்தப் பாதுகாப்பு அந்நிய நாட்டுக்காரருக்கும் உண்டு. மாமியின் கடிதத்துக்கு வரும்போது இந்த வழக்கை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் வேறு என்றாலும் பார்க்க வேண்டிய விதம் அதேதான்.

அரசா, தனியாரா?

இப்போது நம் பிரச்சினைக்கு வருவோம். ஒரு காகிதம் எடுத்து, உங்களுக்கு இதைச் செய்தவர் சம்பளம் எங்கிருந்து வாங்குகிறார் என்று எழுதுங்கள். இது நானே கண்டுபிடித்த குறுக்குவழி, நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் வேலை செய்யும். காவல்துறை, பொதுப் பள்ளி, நகராட்சி, மோட்டார் வாகன அலுவலகம், அரசுப் பல்கலைக்கழகம்: அரசு. மால் காவலாளி, தனியார் பள்ளி, மருத்துவமனைச் சங்கிலி, காண்டோ சங்கம்: தனியார்.

அதனால் ஒரே காரியம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக முடியும். கொடிக்கு முன் நின்று உறுதிமொழி சொல்ல மறுக்கும் பிள்ளையைப் பொதுப் பள்ளி கட்டாயப்படுத்த முடியாது. 1943 ஜூன் 14-இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மேற்கு வர்ஜீனியா வழக்கில் அப்படித் தீர்ப்பு. அன்று கொடி தினம் என்பது கூடுதல் சுவை. 1969-இல் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிப் போன அயோவா மாணவர்களுக்கும் அதே நீதிமன்றம் துணை நின்றது. அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு, பட்டை கட்டிப் போன 1965-இல், 13 வயதுதான். இதே பிள்ளைகள் தனியார் பள்ளியில் படித்திருந்தால் இந்தத் தீர்ப்புகள் அவர்களுக்கு உதவியிருக்காது. பள்ளியோடு பெற்றோர் போட்ட ஒப்பந்தத்தைத்தான் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

மிச்சம் பத்து சதவீதம் சிக்கலானது. 1948-இல் ஷெல்லி வழக்கு. செயின்ட் லூயிஸில் ஒரு தெருக்காரர்கள், கறுப்பினத்தவருக்கும் ஆசிய இனத்தவருக்கும் வீடு விற்பதில்லை என்று தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்கள். தனியார் பத்திரம்தானே? ஆனால் அதை அமல்படுத்த நீதிமன்றத்துக்குப் போனால், நீதிபதி அரசு ஆள். அரசு கையால் அதை அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பு. இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் போதும். உங்கள் வழக்கு அதில் விழுந்தால் அது வக்கீலின் வேலை.

13-ஆம் திருத்தம் மட்டும் யார் என்று பார்ப்பதே இல்லை. அடிமைத்தனமும் கட்டாய உழைப்பும் நாட்டில் எங்குமே இருக்கக் கூடாது என்கிறது (தண்டனை பெற்ற குற்றவாளிகளை மட்டும் விலக்கிவிட்டு). வீட்டு வேலைக்கென்று ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும் கனவான்கள் நம்மவர்களிலும் உண்டு. அவர்கள் தனியார்தான். ஆனாலும் அந்தத் திருத்தத்தின் பலத்தில் எழுந்த சட்டங்கள் அவர்கள் வீட்டு வாசலுக்குள் நுழையும்.

செய்தது மாநில, நகர அதிகாரி என்றால் உங்களுக்கு ஒரு பழைய ஆயுதம் இருக்கிறது. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் அட்டூழியத்தை ஒடுக்க 1871-இல் இயற்றிய சட்டம். இன்று அதை எல்லோரும் 1983 என்பார்கள். அது வருஷம் இல்லை, கூட்டரசுச் சட்டத் தொகுப்பின் 42-ஆம் தலைப்பில் அதன் பகுதி எண். காவலர் மீது உரிமை மீறல் வழக்கு என்று செய்தியில் வந்தால் பெரும்பாலும் இதன் கீழ்தான். இதில் வழக்குப் போடுவதற்கான கெடுவை, காயம்பட்டவர் நஷ்டஈடு கேட்கும் வழக்குக்கு அந்தந்த மாநிலம் வைத்திருக்கும் கெடுவிலிருந்து கடன் வாங்குகிறார்கள். நியூ ஜெர்ஸியில் இரண்டு வருஷம்.

தனியார் என்றால் இறைச்சிக் கணக்கு

மாமியின் பையன் கேட்டார்: அரசியலமைப்பு தனியாரைத் தொடாது என்றால், சிற்றுண்டிக்கடைக்காரர் கறுப்பினத்தவரை உள்ளே விடாமல் இருந்தது எப்படிச் சட்டவிரோதமானது? நல்ல கேள்வி. 1875-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு விடுதி, நாடகக் கொட்டகை, ரயில் எல்லாவற்றிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. 1883-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. காரணம் நாம் மேலே பார்த்த அதே எழுவாய்: 14-ஆம் திருத்தம் மாநிலத்தைத்தான் தடுக்கிறது, கொட்டகைக்காரரை இல்லை. நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர் மட்டும் மறுத்தார்.

அதற்கப்புறம் 81 வருஷம். 1964 ஜூலை 2-இல் லிண்டன் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது காங்கிரஸ் வேறு வழியில் வந்திருந்தது. முதல் பிரிவின் எட்டாம் பகுதியைப் படிக்கச் சொன்னேனே, அதில் மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இருக்கிறது. அந்த வணிக அதிகாரத்துக்குத் தனியார், அரசு என்ற வேறுபாடு கிடையாது.

அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஆலீஸ் பார்பிக்யூ (Ollie's) என்று குடும்ப உணவகம் ஒன்று. கறுப்பின வாடிக்கையாளர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நாங்கள் உள்ளூர்க் கடை, எங்களுக்கும் மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வழக்குப் போட்டார்கள். கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது. அந்தக் கடை ஒரு வருஷத்தில் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் சரக்கில் 69,683 டாலருக்கு வாங்கிய இறைச்சி, உள்ளூர் வியாபாரி மூலம் வந்தாலும், வெளிமாநிலத்திலிருந்து வந்தது. அது போதும் என்று 1964 டிசம்பர் 14-இல் ஒருமனதாகத் தீர்ப்பு. அதே நாளில், 216 அறைகள் கொண்ட ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டலும் தோற்றது. அங்கே தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிமாநிலத்தார்.

மனித கண்ணியம் பற்றிய ஒரு சட்டம் இறைச்சி பில்லின் தோள்மீது ஏறி வந்தது எனக்கு இன்றும் கொஞ்சம் உறுத்தும். ஆனால் இதைப் புரிந்துகொண்டால்தான், இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஏன் "எத்தனை ஊழியர்கள், என்ன மாதிரிக் கடை" என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன என்பது விளங்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு வேலி உண்டு. நீங்கள் வேலிக்குள் இருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும்.

சாப்பிடும் இடம், தங்கும் விடுதி, பெட்ரோல் நிலையம், திரையரங்கு, விளையாட்டு அரங்கு என்றால் 1964 சட்டத்தின் இரண்டாம் தலைப்பு (Title II). இனம், நிறம், மதம், பூர்வீக நாடு என்று நான்குதான் அதில் உண்டு, பாலினம் இல்லை. துணிக்கடை, நகைக்கடை போன்ற சாதாரணக் கடைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. பலருக்கு இது தெரியாது. வேலை என்றால் ஏழாம் தலைப்பு: 15 ஊழியர்களாவது இருக்க வேண்டும், இங்கே பாலினமும் சேரும். மாற்றுத்திறன் பற்றிய 1990 சட்டத்துக்கும் வேலை விஷயத்தில் அதே 15. வயது காரணமாக என்றால் 1967 சட்டம், உங்களுக்கு 40 வயது நிறைந்திருக்க வேண்டும், நிறுவனத்தில் 20 பேர். கூட்டரசுப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்றால், அவை தனியாராகவே இருந்தாலும் ஆறாம் தலைப்பு பிடிக்கும். அதில் மதம் விடுபட்டிருக்கிறது. வீடு என்றால் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11-இல் கையெழுத்தான நியாய வீட்டு வசதிச் சட்டம். உரிமையாளரே ஒரு பகுதியில் குடியிருக்கும் நான்கு வீடு வரையிலான கட்டடங்களுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் விளம்பரத்தில் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது.

வேலிக்கு வெளியே நிற்கிறீர்களா? எட்டுப் பேர் மட்டுமே வேலை செய்யும் கடையா? உடனே கைவிட வேண்டாம். 1866-இல், போர் முடிந்த சூட்டில் இயற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் செய்யவும் சொத்து வாங்கவும் எல்லோருக்கும் வெள்ளைக் குடிமக்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு என்கிறது. ஆள் எண்ணிக்கை கிடையாது. தனியாரையும் கட்டும் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இனத்தை மட்டும்தான் பார்க்கும். ஆனால் இனம் என்பதில் வம்சாவளியும் அடங்கும் என்று 1987-இல், ஈராக்கில் பிறந்த ஒரு பேராசிரியர் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

மாநிலச் சட்டத்தை மறக்காதீர்கள்

வாஷிங்டனை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது நம்மவர்களின் பழக்கம். நியூ ஜெர்ஸியின் பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் 1945-இல் வந்தது, கூட்டரசுச் சட்டத்துக்கு 19 வருஷம் முன்பே. ஊழியர் எண்ணிக்கை பார்ப்பதில்லை, சாதாரணக் கடைகளையும் விடுவதில்லை. உங்கள் மாநிலத்தில் என்ன என்று மாநில சிவில் உரிமைப் பிரிவின் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இங்கே நம்மவர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். சாதி என்ற சொல் மேலே சொன்ன எந்தக் கூட்டரசுச் சட்டத்திலும் இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம்தான் முதன்முதலாக அதைத் தன் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவும் சேர்த்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் ரத்து செய்தார், இருக்கிற சட்டமே போதும் என்று காரணம் காட்டி. வம்சாவளி, மதம் என்ற சொற்களுக்குள் சாதியைக் கொண்டுவரலாம் என்று வாதாட வழி இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் வாதாடி நுழைப்பதும் ஒன்றாகுமா? இந்த நாட்டுக்கு வந்தும் சக ஊழியரின் பூணூலைத் தேடி முதுகில் தட்டிப் பார்க்கும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கெடு: நான் கோட்டை விட்ட கதை

இனி வருவதுதான் நான் இந்தப் பாடத்தை எடுக்க ஆரம்பித்ததற்கே காரணம். பல வருஷம் முன்பு, ஹெச்1பி-யில் இருந்தபோது, நான் வேலை பார்த்த நிறுவனத்தில் குழுத் தலைவர் பதவி எனக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. வாடிக்கையாளரோடு பேச இன்னும் தெளிவான உச்சரிப்பு உள்ளவர் வேண்டும் என்று மேலாளர் மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டார். வேலைக்கு நிஜமாகவே தேவைப்படாதபோது உச்சரிப்பைக் காரணம் காட்டுவது பூர்வீக நாட்டுப் பாகுபாடாகலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. அன்று மார்ச் 3.

நல்ல பிள்ளையாக ஹெச்ஆரில் புகார் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். கோடை போனது. அக்டோபரில், தவறு எதுவும் இல்லை என்று ஒரு பத்திக் கடிதம். தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று தள்ளிப்போட்டு ஜனவரி 8-இல் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் மின்னஞ்சலைப் படிப்பதற்கு முன் தேதியைக் கேட்டார், நாட்காட்டியில் விரலால் எண்ணினார். 311 நாள்.

வேலைப் பாகுபாட்டை விசாரிக்கும் கூட்டரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) புகார் கொடுக்க 180 நாள். மாநிலத்திலும் அப்படியொரு முகமை இருந்தால் 300 நாள். நியூ ஜெர்ஸியில் 300. பதினோரு நாளில் கோட்டை விட்டேன். மாநில சிவில் உரிமைப் பிரிவின் 180 நாள் ஆகஸ்டிலேயே போயிருந்தது. ஹெச்ஆரில் விசாரணை நடந்துகொண்டிருந்ததே என்றேன். கம்பெனிக்குள் நடக்கும் விசாரணை கெடுவை நிறுத்தி வைக்காது என்று 1980-இலேயே தீர்ப்பு இருக்கிறதாம். டெலவேர் மாநிலக் கல்லூரியில் லைபீரியாவைச் சேர்ந்த பேராசிரியர் ரிக்ஸ் என்பவரும் என்னைப் போலவே உள்விசாரணையை நம்பிக் காத்திருந்து தோற்றவர். முடிவைத் தெரிவித்த நாளிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். மாநில நீதிமன்றத்துக்குப் போக இரண்டு வருஷக் கதவு இன்னும் திறந்திருந்தது. விசா, வீட்டுக் கடன், கைக்குழந்தை. நான் போகவில்லை.

சம்பள விஷயத்தில் மட்டும் இந்தக் கடிகாரத்தை காங்கிரஸ் திருத்தியிருக்கிறது. அலபாமா டயர் தொழிற்சாலையில் லில்லி லெட்பெட்டர் பல வருஷம் ஆண்களைவிடக் குறைவாகச் சம்பளம் வாங்கியதே அவருக்குத் தெரியாது. யாரோ பெயர் போடாமல் வைத்த துண்டுச் சீட்டில்தான் தெரிந்தது. கெடு தாண்டிவிட்டது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் கைவிரித்தது. 2009 ஜனவரி 29-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஒவ்வொரு குறைவான சம்பளக் காசோலையும் புதுக் கணக்கைத் தொடங்கும் என்று மாற்றியது.

ஆகவே, நாள் ஒன்றில் செய்ய வேண்டியது: நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, 180-ஆம் நாளையும் குறியுங்கள். 300 கிடைக்கும் இடமாக இருந்தாலும் 180 என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டரசு ஊழியர்கள், அஞ்சல் துறையினர் உட்பட, 45 நாளுக்குள் தங்கள் துறையின் சமவாய்ப்பு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இது இன்னும் குறுகல். ஹெச்ஆரில் தாராளமாகப் புகார் கொடுங்கள், ஆனால் நாட்காட்டியை அவர்களிடம் ஒப்படைக்காதீர்கள். வீடு சம்பந்தமாகக் கூட்டரசு வீட்டு வசதித் துறையில் புகார் கொடுக்க ஒரு வருஷம், நீதிமன்றத்துக்கு இரண்டு வருஷம். வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, குடியுரிமையும் தேவையில்லை. வழக்குப் போடலாம் என்று ஆணையம் கடிதம் தந்தால் அதிலிருந்து 90 நாள், அதுவும் கறார்.

புகாரில் கதை எழுதாதீர்கள். என் மாணவர்கள் எல்லோரும் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிப்பார்கள். யார், என்றைக்கு, என்ன வார்த்தை சொன்னார் அல்லது எழுதினார், உங்களைப் போலவே இருந்த வேறொருவருக்கு என்ன நடந்தது. இந்தக் கடைசி வரிதான் உயிர். சலவைக்கடை வழக்கில் 200-க்கு எதிரே நின்ற 80-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு. முதல் புகார் தோற்றால்கூட இது ஜெயிக்கலாம்.

மாமியின் கதவு

சங்கம் தனியார். எனவே முதல் திருத்தம் இல்லை. இடம் வீடு, காரணம் மதமாக இருக்கலாம். எனவே 1968 சட்டம். இதற்குக் கிட்டத்தட்ட அச்சாக ஒரு வழக்கு இருக்கிறது. சிகாகோவில் ஒரு காண்டோ சங்கம், கதவுக்கு வெளியே எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்ற விதியை வைத்து, பிளாக் என்ற யூதக் குடும்பம் நிலைப்படியில் பதித்திருந்த மெசூசாவை (வேத வசனம் எழுதிய சுருள் வைத்த சிறு பேழை) திரும்பத் திரும்பப் பெயர்த்து எடுத்தது. குடும்பத் தலைவர் இறந்து அடக்கம் நடந்த நாளில்கூட. 2009-இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வேண்டுமென்றே மதத்தைக் குறிவைத்தார்களா என்று ஜூரி விசாரிக்கலாம் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. நியூ ஜெர்ஸி மூன்றாவது வட்டாரத்தில் வருவதால் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம்.

விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்தால் மாமி பக்கம் பலவீனம்தான், அதையும் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கதவுகளைப் பாருங்கள் என்றேன். சங்கத்தின் விதிப்புத்தகம் ஒரு பிரதி வாங்குங்கள், கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், பதிலை மின்னஞ்சலில் மரியாதையாக இரண்டே வரியில் எழுதுங்கள்: எந்த விதி, அது எல்லாக் கதவுக்கும் பொருந்துமா?

அடுத்த சனிக்கிழமை மாமி ஒரு உறையோடு வந்தார். அவர் தளத்திலேயே ஒன்பது கதவுகளில் கிறிஸ்துமஸ் மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டில் சிலுவையோடு. ஒன்பதையும் படமெடுத்து, மருந்துக்கடையில் அச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் கதவு எண், தேதி, நேரம். அந்த வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் வந்ததா என்று லிஃப்டில் பார்த்து விசாரித்தும் வைத்திருந்தார். ஆறு பேரிடம் கேட்டாராம், ஒருவருக்கும் வரவில்லை.

மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. சங்கத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை. தோரணம் கதவில்தான் இருக்கிறது. மாமி தன் சமையலறை நாட்காட்டியில் கடிதம் வந்த நாளிலிருந்து எண் போட்டு வருகிறார், நேற்று 22.